மழை சீசன்ல பாய்மரப் படகு ஓட்டுறது எப்படி
நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மலேசியாவோட கிழக்குக் கரையில, திரெங்கானு பக்கம், வடகிழக்குப் பருவக் காத்துல கடல் பொங்கும், சின்னப் படகுக்கு ஆகவே ஆகாது. ஆனா நம்ம ஆயர் தாவார்காரங்களுக்கு மேற்குக் கரையில, பேராக்ல இருக்குற லுமுட் பக்கந்தானே, நடுவுல நிக்கிற தித்திவங்சா மலை அந்தக் காத்தோட வேகத்தக் கொறச்சிடும், அதனால நமக்கு இதுதான் அருமையான சீசன்.

காலையில பசியாறிட்டு சீக்கிரமே எறங்கிடுங்க. அப்ப காத்து கரையில இருந்து கடல் பக்கம் வீசும், கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும், பாய் லேசா உப்புனதும் படகு சத்தமில்லாம நழுவும் பாருங்க, அந்த சொகத்துக்கு ஈடே இல்ல. ஆனா அதே காத்துதான் உங்கள வெளியவும் தள்ளிட்டுப் போகும், அதனால கரையை ஒட்டியே ஓட்டுங்க, தண்ணி ஏறுற நேரத்த மொதல்லயே பார்த்து வச்சி அதோட திரும்புங்க.

பாய்க் கயித்தைக் கட்டிப் போடாதீங்க, கையிலயே பிடிங்க, காத்து திடீர்னு அடிச்சா உடனே விட்டுடலாம். காலி மைலோ பானத்தூள் டின் ஒன்ன கயித்துல கட்டி உள்ளயே வைங்க, தண்ணி எறைக்க அதவிட நல்ல சாமான் கெடையாது. லைஃப் ஜாக்கெட் கரையிலயே மாட்டிடணும். படகு கவுந்தா நீந்திப் போகாதீங்க, படகையே பிடிச்சிக்கிங்க.

மதியத்துக்கு மேல மலைப் பக்கம் மேகம் கருத்தா திரும்பிடுங்க, மின்னலுக்கு நடுவுல பாய்மரத்தோட நிக்கக் கூடாது. ஈரப் பாயை மடிக்காம வீட்டுக் கொடியில விரிச்சிப் போடுங்க, பூஞ்சைக் கறை லேசுல போகாது.