ஆள் இறங்கும் முன் மீட்டர் இறங்கட்டும்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகின் மீன் அறையைச் சுத்தம் செய்ய இறங்கும் முன், காற்றில் ஆக்சிஜனும் நச்சு வாயுவும் எவ்வளவு என்று காட்டும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுங்கள். மேலே, நடுவில், அடியில் என மூன்று இடங்களிலும் இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, அலாரம் அடித்தாலோ யாரும் இறங்கக் கூடாது. புளோயர் வைத்துக் காற்றடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அறை மூடியே கிடக்கும். அடியில் தேங்கிய மீன் தண்ணீர் அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அது காற்றைவிடக் கனம் என்பதால் கீழேயே தங்கும். வாசலில் மட்டும் பார்த்தால் தெரியாது. நாற்றத்தையும் நம்பாதீர்கள், அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இதற்கு உதவவே உதவாது. தீப்பிடிக்கும் வாயு இருந்தால் அந்தச் சுடரே ஆபத்து.

சரி, மீட்டர் நன்றாகக் காட்டிய பிறகும் மேலே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் அவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. அவர் உடல் முழுக்க மாட்டியிருக்கும் பாதுகாப்புப் பட்டையில் கட்டிய கயிற்றால்தான் தூக்க வேண்டும்.

செப்டிக் டேங்குக்கு இந்த வழி கிடையாது. மீட்டர் என்ன காட்டினாலும் அங்கே ஆளை இறக்காதீர்கள், உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம்.