ரொட்டி சுடுவதற்காக மின்சுற்று கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ரொட்டி சுடப் பழகியவர்களில் மின்னணுவியலிலும் கொஞ்சம் கைவைக்கத் தெரிந்தவர்கள், சீக்கிரமே இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஈஸ்ட் மாவை உப்பவைக்கும் பெட்டிக்கு ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுச் சுற்று, ஓவனின் உண்மையான சூட்டைக் காட்டும் வெப்பமானி, மாவை நிறுக்க ஒரு தராசு ஆகியவையே பெரும்பாலும் முதலில் செய்து பார்க்கப்படுகின்றன. பாகங்கள் எளிதாகக் கிடைக்கின்றன, சுற்றை இயக்கும் கணினி நிரலான கோடும் பாதிக்கு மேல் எழுதப்பட்டே கிடைக்கிறது, ஒரே நாளில் திரையில் எண் ஒளிரத் தொடங்கிவிடுகிறது. அந்த எண்ணை அப்படியே நம்பிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. எண் பொய்யாகும்போது ஹீட்டர் என்ன செய்யும் என்று யோசிக்காமல் சுற்றைக் கட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

இதை நான் ஒரு இரவில் கற்றுக்கொண்டேன். தெர்மாகோல் பெட்டி ஒன்றுக்குள் 40 வாட் குண்டு பல்பைச் சூட்டுக்காக வைத்து, டிஎஸ்18பி20 என்ற வெப்பம் அளக்கும் சென்சாரை மேல்மூடியிலிருந்து தொங்கவிட்டு, வெப்பம் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பல்பை எரியவிடு என்று ஒரே வரியில் கோட் எழுதியிருந்தேன். பகல் முழுவதும் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. இரவில் மாவை உள்ளே வைத்து மூடியை அழுத்தியபோது சென்சாரின் கம்பி பிரெட்போர்டிலிருந்து (கம்பிகளைத் துளைகளில் செருகியே சுற்று கட்டும் பலகை) கழன்றுவிட்டது. இந்தச் சென்சாருக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் நூலகம், சென்சார் காணாமல் போனால் -127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். -127 என்பது 26-ஐவிடக் குறைவுதானே? பல்பு விடியும்வரை அணையவே இல்லை. காலையில் மாவின் மேற்புறம் அட்டைபோல் காய்ந்தும் ஓரங்கள் அரைவேக்காட்டில் வெளிறியும் இருந்தன. தெர்மாகோல் 80 டிகிரியைத் தாண்டினாலே குழையத் தொடங்கும் பொருள் என்பதால், பல்புக்கு நேர் மேலே மூடியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஈஸ்ட் 55 முதல் 60 டிகிரிக்குள் செத்துவிடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாவுடன் போனதே என்று நிம்மதிதான் பட்டேன்.

இதே சென்சார் வேறு விதமாகவும் ஏமாற்றும். மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவகத்தில் 85 டிகிரி என்ற எண் இருக்கும். முதல் அளவை முடியும் முன்பே படித்தால் அந்த 85 தான் கிடைக்கும். முழுத் துல்லியத்தில் ஓர் அளவைக்கு 750 மில்லி விநாடி வரை ஆகும். இடையில் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும், இணைப்பு தளர்ந்து மீண்டும் ஒட்டினாலும், அதே 85 திரும்பி வரும். மாவுப் பெட்டி 85 டிகிரியைக் காட்டினால் பெட்டி கொதிக்கிறது என்று பதறுவதற்கு முன் மின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கோடில் முதலில் எழுத வேண்டியது, எந்த எண்ணை நம்பக்கூடாது என்பதைத்தான். மாவுப் பெட்டிக்கு 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ வரும் எந்த அளவையும் பிழை என்று கொண்டு, தொடர்ந்து மூன்று முறை அப்படி வந்தால் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். ஹீட்டர் பதினைந்து நிமிடம் எரிந்தும் ஒரு டிகிரிகூட ஏறவில்லை என்றாலும் அணைத்துவிட வேண்டும். சென்சார் தன் இடத்தை விட்டு வெளியே விழுந்து கிடக்கும் நிலையை இந்த இரண்டாவது விதிதான் பிடிக்கும். இவ்வளவு செய்தாலும், கோடின் கட்டளைப்படி ஹீட்டரை எரித்து அணைக்கும் மின்சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கோடால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே ஹீட்டருடன் தொடராக ஒரு வெப்ப ஃபியூஸைச் சேர்ப்பது கட்டாயம் என்றே கருதுகிறேன். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அது தானாகவே சுற்றை நிரந்தரமாகத் துண்டித்துவிடும். இதைச் சேர்க்க முனைபவர்களும் வழக்கமாக ஒரு தவறு செய்கிறார்கள்: 70 டிகிரியில் அறுபட வேண்டிய ஃபியூஸின் கால்களில் 350 டிகிரிச் சால்டரிங் அயர்னை (உலோகத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சூட்டுக்கோல்) நேரடியாக வைக்கிறார்கள். பொருத்தும்போதே அது அறுந்துபோகிறது. கம்பிகளைக் கிரிம்ப் செய்வது, அதாவது சூடில்லாமல் உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணைப்பது, நல்லது. சால்டர் செய்தே ஆக வேண்டுமென்றால் ஃபியூஸுக்கும் அயர்னுக்கும் இடையில் காலைக் குறடால் பிடித்துக்கொண்டு, சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

ரிலேயை அடிக்கடி இயக்குவதும் தவறு. 26 டிகிரியில் அணை, 25.9-இல் எரியவிடு என்று எழுதினால் ரிலே ஓயாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மின்சுமையுடன் ஒரு லட்சம் தடவை இயங்கும் என்று தரவுத்தாளில் குறித்திருக்கும் ஒரு ரிலேயைப் பத்து விநாடிக்கு ஒரு தடவை இயக்கினால், அதன் ஆயுள் பன்னிரண்டு நாட்களுக்குள் முடிந்துவிடும். எரியும் புள்ளிக்கும் அணையும் புள்ளிக்கும் இடையில் ஒரு டிகிரி இடைவெளி விட்டால் மாவுக்கு எந்தக் குறையும் வராது.

மாவின் சூடும் காற்றின் சூடும் ஒன்றல்ல

பெட்டி கட்டி முடித்தவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது, பெட்டி அளப்பது காற்றை என்பதைத்தான். ஒரு கிலோ மாவு உருண்டை சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் முதல் உப்பலே முடிந்திருக்கும். மாவின் சூட்டைத் தீர்மானிப்பது பிசையும்போது ஊற்றும் தண்ணீர்தான். மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால் அதை மூன்றால் பெருக்கி, வரும் 75-இலிருந்து மாவுப்பொடியின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு ஆகிய மூன்றையும் கழித்தால் கிடைப்பதே தண்ணீரின் சூடு. அறையும் மாவுப்பொடியும் 20 டிகிரி, கையால் பிசைவதால் 3 டிகிரி என்றால் தண்ணீர் 32 டிகிரி இருக்கலாம். அறையும் பொடியும் 30 டிகிரி என்றால் கணக்கு 12 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட அறையில் இருப்பவருக்குத் தேவை குளிர்ந்த தண்ணீர், ஹீட்டர் வைத்த பெட்டி அல்ல. பெட்டி கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்காமல், ஒரு வாரத்தை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

சென்சாரைப் பல்புக்கு நேர் எதிரே வைப்பதும், காற்றைச் சுழற்ற ஒரு சிறு மின்விசிறிகூட இல்லாமல் விடுவதும் இதே வகைத் தவறுகள்தான். நீர்புகாத சென்சார் என்று விற்கப்படுவதை மாவுக்குள் குத்தி வைக்கவும் கூடாது. நீர்புகாத உறை உணவில் படுவதற்கு ஏற்ற உறையாகத்தான் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

ஓவனுக்குள் போகும் கம்பி

ஓவனின் முகப்புத் திருகியைப் பார்த்து 200 டிகிரி என்று நம்பிக் கேக் வைப்பவர்களுக்கு, உள்ளே தெர்மோகப்பிள் ஒன்றை (இருவேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்ப சென்சார்) விட்டுப் பார்ப்பது கண்ணைத் திறக்கும் அனுபவமாக இருக்கும். வீட்டு ஓவன் எதுவும் ஒரே சூட்டில் நிற்பதில்லை. குறித்த அளவைச் சுற்றி 10 முதல் 20 டிகிரி வரை ஏறி இறங்குவது இயல்பு. ஆகவே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து ஓவன் பழுது என்று முடிவு கட்டாமல், கதவைத் திறக்காமல் அரை மணி நேரமாவது தொடர்ந்து குறித்து, சராசரியை எடுக்க வேண்டும்.

அதற்கு முன் தெர்மோகப்பிள் சரியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மின்னணுவியல் பழகியவருக்குச் சிவப்பு என்றால் நேர்முனை. அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அமெரிக்க நிறக்குறியீட்டின்படி செய்யப்பட்ட கே வகைத் தெர்மோகப்பிளில் மஞ்சள் நேர்முனை, சிவப்புதான் எதிர்முனை. மாற்றி இணைத்தால் ஓவன் சூடேற ஏற எண் இறங்கும். தெர்மோகப்பிளைப் படித்து எண்ணாக்கும் மேக்ஸ்6675 சில்லு பூஜ்ஜியத்துக்குக் கீழே காட்டாது என்பதால் எண் பூஜ்ஜியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பும் கட்டுப்பாட்டுச் சுற்று ஓவனை முழு வேகத்தில் எரியவிட்டுக்கொண்டே இருக்கும். இணைத்தவுடன் முனையை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்து, எண் ஏறுகிறதா என்று சோதிக்க ஐந்து விநாடி போதும். அதே சில்லு ஓர் அளவையை முடிக்க 0.22 விநாடி வரை எடுத்துக்கொள்ளும் என்பதும், இடையில் படித்தால் நடந்துகொண்டிருக்கும் அளவை நின்றுவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வேகமாகப் படித்தால் நல்லது என்று நினைத்து விநாடிக்கு இருபது முறை கேட்பவருக்கு, மாறாமல் உறைந்துபோன ஒரே எண்தான் கிடைக்கும். கம்பி எட்டவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டுவதும் கூடாது. இரண்டு உலோகங்களும் முடியும் இடத்தின் சூடே கணக்கில் சேருவதால், அந்த இடத்துக்கும் சில்லுக்கும் உள்ள சூட்டு வேறுபாடு பிழையாகச் சேரும்.

எந்தச் சென்சாரையும் வேலைக்கு வைக்கும் முன் இரண்டு இடங்களில் சரிபார்க்கலாம்: நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கூழில் 0 டிகிரி, கொதிக்கும் தண்ணீரில் 100 டிகிரி. உயரமான இடங்களில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓவனுக்குள் செல்லும் எந்த இணைப்பையும் சால்டர் செய்யக்கூடாது. ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஈயமில்லாத வகை 217 டிகிரி வாக்கில் உருகும். ரொட்டிக்கு 230 டிகிரி வைப்பவரின் ஓவனில் இரண்டுமே சொட்டிவிடும். பிவிசி உறையிட்ட சாதாரணக் கம்பி 105 டிகிரிக்கு மேல் தாங்காது. சிலிகோன் உறை 180 முதல் 200 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் கண்ணாடியிழை உறை வேண்டும்.

வீட்டு மின்சாரத்தைத் தொடும் பகுதியில் சோதனை முயற்சிகளுக்கே இடமில்லை. 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியரும், 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியரும் இழுக்கும். பிரெட்போர்டும் மெல்லிய ஜம்பர் கம்பிகளும் ஓர் ஆம்பியருக்கே திணறுபவை. ரிலே எப்போதும் ஃபேஸ் கம்பியைத்தான் துண்டிக்க வேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால் ஓவன் அணைந்ததுபோல் தோன்றும், ஆனால் அதன் சூடேற்றும் சுருளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அசையும் முனைகள் இல்லாததால் ஒலியெழுப்பாத திண்மநிலை ரிலேயைப் பயன்படுத்துபவர்கள் அதற்கு வெப்பத்தட்டு வைக்க மறந்துவிடுகிறார்கள். 6.5 ஆம்பியர் ஓடும்போது அது தனக்குள்ளேயே எட்டு வாட் அளவுக்குச் சூட்டை உண்டாக்கும். அது கெட்டுப்போனாலோ பெரும்பாலும் மூடிய நிலையிலேயே, அதாவது ஓவன் எரியும் நிலையிலேயே, கெட்டுப்போகும். உலோகப் பெட்டிக்கு எர்த் இணைப்புக் கொடுப்பதும், மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்தால் போதும் என்று இராமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவதும் விவாதத்துக்கு உரியவை அல்ல.

தராசு

கோப்பையால் அளந்த மாவு, அள்ளிய விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கலாம், 150 கிராமும் இருக்கலாம். அதனால் தராசு கட்டுவது நல்ல எண்ணம்தான். ஆனால் சுமை சென்சாரின் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சில்லு 24 பிட் என்று படித்துவிட்டு, தராசும் அவ்வளவு நுட்பமானது என்று எண்ணிவிடக்கூடாது. 5 கிலோ சுமை சென்சாரில் முழு அளவில் 0.05 சதவீதப் பிழை என்றால்கூட அது 2.5 கிராம். 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பும் 5 கிராம் உலர் ஈஸ்ட்டும் போடும் செய்முறையில், மாவைப் பொறுத்தவரை அந்தப் பிழை ஒன்றுமே இல்லை. ஈஸ்ட்டைப் பொறுத்தவரை அது பாதி. மாவுக்கு ஒன்று, ஈஸ்ட்டுக்கும் உப்புக்கும் சின்னதாக இன்னொன்று என்று இரண்டு தராசுகள் வைத்துக்கொள்வதே வழி. சென்சார் பட்டையின் ஒரு முனை மட்டும் அடித்தட்டில் பிடிக்கப்பட்டு, மறுமுனை வளைய இடம் இருக்கும்படி வாஷர் கொடுத்து உயர்த்தப்பட வேண்டும். பட்டை முழுவதும் தட்டில் படிந்திருந்தால் எவ்வளவு அளவீடு செய்தாலும் எண் உளறும்.

ஒரே மேசையில் இரண்டு வேலை

பிசையும் மேசையிலேயே சால்டரிங் செய்வதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. வெட்டிய கம்பித் துணுக்கும் மணி அளவுச் சால்டர் உருண்டையும் மாவில் ஒளிந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாது. ஈயம் சருமத்தின் வழியாக அதிகம் ஊடுருவுவதில்லை; கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் ஆபத்து. சால்டர் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மாவைத் தொடக்கூடாது. மேசை ஒன்றுதான் என்றால், சால்டரிங் வேலைக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி, எல்லாத் துணுக்குகளும் அதற்குள்ளேயே விழும்படி செய்யலாம்.

இதைவிடப் பெரிய தவறு ஓவனிலேயே நடக்கிறது. சிறு மின்சுற்றுப் பலகைகளில் சால்டர் பசையைத் தடவி, பாகங்களை அடுக்கி, சிறிய ஓவனில் வைத்து உருக்குவது பொழுதுபோக்காளர்களிடையே பரவலான முறை. வேலையும் நன்றாகவே வரும். ஆனால் அந்தச் சூட்டில், சால்டர் ஒட்ட உதவுவதற்காகப் பசையில் கலந்திருக்கும் ஃப்ளக்ஸ் ஆவியாகிச் சுவர்களில் படிகிறது, பசையிலிருந்து தெறிக்கும் துளிகள் அடித்தட்டில் உறைகின்றன. ஈயமில்லாத பசை என்றாலும் இந்தப் படிவு படிவுதான். துடைத்தாலும் இடுக்குகளில் தங்கிவிடும், அடுத்த தடவை சூடேறும்போது மீண்டும் ஆவியாகும். ஒருமுறை பலகை வைத்த ஓவனில் மறுபடி ரொட்டி வைக்கவே கூடாது. பழைய ஓவனை இந்த வேலைக்கு ஒதுக்குபவர், அதன் கதவில் உணவுக்கு அல்ல என்று அழியாத மையால் எழுதி, சமையலறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே முதல் பலகையை உள்ளே வைக்க வேண்டும்.