இலவசம்தானே, பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை?

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கலை நிகழ்ச்சி ஒன்றுக்கு 300 கதிரை போட்டிருந்தோம். அனுமதி இலவசம் என்று ஃபேஸ்புக்கில் போட்டோம், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு நாள் ஊரெல்லாம் சொன்னோம். வந்தது நாற்பது பேர். அதிலும் பாதிப் பேர் எங்கள் ஆட்களும் அவர்களுடைய வீட்டாரும். மறுநாள், ஆற்றுக்கு (வாவிக்கு) அக்கரையில் இருக்கும் படுவான்கரையில் தெரிந்த ஓர் அம்மாவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ரிக்கெற் இல்லதான் மனே. ஆட்டம் முடிய மறுகா நாங்க எப்பிடி வீட்ட போற? பஸ் ஏது? வழியில ஆனை நிண்டா?"

மூன்று கேள்வி. எங்கள் திட்ட அறிக்கை பன்னிரண்டு பக்கம். அதில் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் இருக்கவில்லை.

கலை நிலையங்கள் இலவச நிகழ்ச்சி நடத்துவது புதிய விஷயம் இல்லை. சிங்கப்பூரில் 2002 இல் திறந்த எஸ்பிளனேட் கலை மையத்தில் ஆண்டு முழுவதும் நடப்பவற்றில் பெரும்பகுதியை ரிக்கெற் இல்லாமலே பார்க்கலாம். வாஷிங்டனில் கென்னடி சென்டர் 1997 இல் 'மில்லேனியம் ஸ்டேஜ்' என்று ஒன்றைத் தொடங்கி, நீண்ட காலம் ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்கு முகப்புக் கூடத்திலேயே இலவச நிகழ்ச்சி வைத்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அழகியற் கற்கைகள் நிறுவகம், மாநகர சபை மண்டபங்கள், பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவு, நாலைந்து பேர் சேர்ந்த சின்னக் குழுக்கள் என்று பலரும் இதைச் செய்கிறோம். சமூகத்துக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சறுக்குவது எல்லோரும் ஒரே இடங்களில்தான். கீழே சொல்வதில் பெரும்பாலானவை நானே செய்த தவறுகள்.

ரிக்கெற்தான் தடை என்று நம்புவது

பிரித்தானியாவில் தேசிய அருங்காட்சியகங்கள் 2001 இன் முடிவில் நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டன. வருகை மளமளவென்று ஏறியது. ஆனால் யார் வந்தார்கள் என்று பார்த்தபோது, முன்பு வந்துகொண்டிருந்த வசதியான, படித்த கூட்டம்தான் இன்னும் அடிக்கடி வந்திருந்தது. வராதவர்களில் பெரும்பாலானோர் அப்போதும் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பட்டினத்துக்கு வந்து போக வேண்டும். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு பகலில் பாடு இல்லை, துறையில் காத்து நின்ற காலம் போய்விட்டது. இரவில் திரும்பத்தான் பஸ் இல்லை. ஓட்டோ பிடித்தால் அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு நாள் கறி காய்ச்சலாம். பிள்ளைகளுக்கு ரியூசன் இருக்கும். கூலிக்குப் போகிறவருக்கு விடியக் காலை எழும்ப வேண்டும். இதெல்லாம் போக, "நாங்க அங்க போய் எங்க இருக்கிற?" என்ற கூச்சம் ஒன்று இருக்கிறது. குளிரூட்டிய மண்டபம், சப்பாத்துப் போட்ட ஆட்கள், வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பதிவுப் படிவம். ரிக்கெற் விலையை விட இது பெரிய விலை.

அப்புறம் நாட்காட்டி. கார்த்திகை, மார்கழி மழையில் திறந்தவெளி நிகழ்ச்சி வைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். மாசி, பங்குனி பெரும்போக அறுவடை. அந்த நேரம் வயல் வட்டையில்தான் ஊர் இருக்கும், மண்டபத்தில் இருக்காது. நோன்பு மாதத்தில் மாலை 6 மணிக்கு நிகழ்ச்சி வைத்துவிட்டு, "முஸ்லிம் சகோதரர்களையும் அழைத்தோம், அவர்கள் வரவில்லை" என்று அறிக்கை எழுதியதையும் கண்டிருக்கிறேன். ஆடியில் பாதிப் பேர் கதிர்காமத்துக்கு நடந்து கொண்டிருப்பார்கள். நாள் குறிப்பதற்கு முன் அந்த ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஒருவரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். நாங்கள் அதைச் செய்யாமல் கொழும்பிலிருக்கும் நிதி தந்தவரிடம் திகதி கேட்கிறோம்.

வரிசையும் ஒரு கட்டணம்தான். நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க்கில் 1962 இல் திறந்த டெலகோர்ட் அரங்கில் நாடகம் இலவசம். ஆனால் ரிக்கெற்றுக்கு மணிக்கணக்காக வரிசையில் நிற்க வேண்டும். அப்படி நிற்க நேரம் யாருக்கு இருக்கும்? அதைத் தொடங்கிய ஜோசப் பாப் அதற்கு முன்பே, 1957 இல், லொறியில் மேடையை ஏற்றிக்கொண்டு நகரத்தின் மற்றப் பகுதிகளுக்கும் போனவர். லொறியையும் அரங்கையும் ஒப்பிட்டால் எனக்கு லொறிதான் பிடிக்கும்.

அது தூரத்துக் கதை என்றால், மட்டக்களப்பிலேயே ஒன்று இருக்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஊர் ஊராகப் போய் பஸ்ஸில் ஏற்றி, விளையாட்டும் படமும் கதையும் நாடகமுமாக நாளைக் கழிக்க விட்டு, மறுபடி வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த பஸ் இல்லாவிட்டால் பூங்கா இருந்தும் பயனில்லை. இப்போது நாங்கள் வரவுசெலவு போடும்போது முதலில் எழுதுவது வாகனச் செலவு. மிச்சம் இருந்தால்தான் மேடை அலங்காரம். வாகனத்துக்குக் காசு இல்லையென்றால் நிகழ்ச்சியை பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி, கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுகிறோம். அதுவும் முடியாவிட்டால் ஆற்றைக் கடந்து நாங்களே போகிறோம்.

பார்ப்பவருக்கு இலவசம் என்றால் ஆடுபவருக்கும் இலவசம் என்று எண்ணுவது

இது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கூத்துக்கு வாசலில் நின்று யாரும் காசு வாங்கியதில்லை. வட்டக்களரி என்ற ஆடுகளத்தைச் சுற்றிப் பாயைப் போட்டுக்கொண்டு, வெற்றிலைத் தட்டத்தோடு விடியும்வரை இருக்கலாம். அதனால் "கூத்து எப்போதும் இலவசம்தானே" என்கிறார்கள். ஆனால் செலவை ஊர் சுமந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டுப் பிரதியை, அதாவது சட்டத்தை, கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் பழக்கும் அண்ணாவியாருக்குச் சாப்பாடு, தங்க இடம், வெற்றிலை எல்லாம் ஊர்ப் பொறுப்பு. சதங்கை அணி விழாவுக்கு ஆடுபவரின் சொந்தக்காரர் எல்லாம் வந்து நிற்பார்கள். அடுக்கு என்ற முழு ஒத்திகை பார்த்து, அரங்கேறி முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள், அங்கே கிடைப்பதும் கூத்துக்குத்தான். களரியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சால்வை போர்த்திக் காசு குத்துவதும் உண்டு. வாசலில் விலை இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் என்ன செய்கிறோம்? விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்தை நாற்பது நிமிடமாக வெட்டி, மண்டபத்துக்குள் கொண்டுவந்து, அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடையும் சட்டமிட்ட சான்றிதழும் கொடுக்கிறோம். ஒருமுறை எங்களுடைய வரவுசெலவுத் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். ஒலியமைப்பு, பந்தல், பனர், வீடியோ, சிற்றுண்டி, பூமாலை எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. கலைஞர்கள் என்ற இடத்தில் மட்டும் 'அன்பளிப்பு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. பூமாலைக்காரர் கடன் வைக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். மத்தளம் அடிப்பவர் கேட்கமாட்டார் என்பதும் தெரியும்.

அந்த மத்தளக்காரருக்கு ஒரு நிகழ்ச்சி என்றால் ஒத்திகைக்கு ஒரு நாள், ஆட்டத்துக்கு ஒரு நாள், உடம்பு அலுப்பு தீர ஒரு நாள். மூன்று நாள் கூலி போய்விடும். உடுப்பு வாடகை, தோல் மாற்றும் செலவு வேறு. கலைஞருக்குப் பணம் கொடுக்க முடியாவிட்டால் அந்த நிகழ்ச்சி நடக்கத் தேவையில்லை என்பதுதான் என் நிலைப்பாடு. அதையும் "செக் அடுத்த மாதம் வரும்" என்று இழுக்காமல், வேசம் கலைக்கும் முன் கையில் கொடுக்க வேண்டும்.

மேடையை அதிதிகளுக்கு விட்டுவிடுவது

மங்கள விளக்கு, மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பதிதி உரை, கௌரவ அதிதி உரை. இதெல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம். முன்வரிசையில் சோபா, அதில் வராத அதிதிகளின் பெயர் ஒட்டிய தாள். யாருக்காக நிகழ்ச்சி என்று சொன்னோமோ அவர்கள் பின்னால் நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண், எட்டு வயதிருக்கும், அந்தச் சோபாவில் போய் இருந்தாள். தொண்டர் ஒருவர் ஓடி வந்து எழுப்பினார். அவள் பிறகு எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

கதிரை நிரம்ப வேண்டும் என்பதற்காகப் பாடசாலைப் பிள்ளைகளைச் சீருடையோடு ஏற்றி வந்து இருத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். படத்தில் மண்டபம் நிறைந்திருக்கும், அறிக்கையில் '400 பயனாளிகள்' என்று வரும். பிள்ளைகள் எப்போது சாப்பாட்டுப் பொதி வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலையை எண்ணுவதற்குப் பதிலாக, சென்றமுறை வந்தவர் இந்தமுறை தானாக வந்தாரா, வரும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வந்தாரா என்று எண்ணிப் பாருங்கள். எண் சின்னதாக இருக்கும். பரவாயில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு செய்தி வைப்பது

2004 கடல்கோளுக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் விழிப்புணர்வு நாடகம் பெருகியது. கை கழுவுவது, டெங்கு, இளவயதுத் திருமணம், குடி, நுண்கடன். விஷயங்கள் முக்கியமானவைதான். ஆனால் குடிகாரக் கணவன் மேடைக்கு வந்த முதல் நிமிடத்திலேயே அவன் கடைசியில் திருந்துவான் என்று கிராமத்துக்குத் தெரிந்துவிடுகிறது. நாடகம் முடிந்ததும் ஒரு கருத்துப் படிவம் வரும் என்பதும் தெரியும். இலவசமாக வந்ததற்குப் பாடம் கேட்பதுதான் விலை என்று ஆகிவிடுகிறது.

கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சடங்கைப் பாருங்கள். பதினெட்டு நாள் பாரதக் கதை நடக்கும். பாண்டவர் வனவாசம் போகும்போது தெருவோரம் நிற்கும் பெண்கள் அழுவதைக் கண்டிருக்கிறேன். அங்கே யாரும் எதையும் விளங்கப்படுத்துவதில்லை. சனம் வருகிறது, கடைசியில் தீமிதிப்புக்கும் நிற்கிறது. நல்ல ஆட்டத்தைக் காட்டினாலே ஒரு நன்மை நடக்கும் என்று நிதி தருபவருக்கு எழுதிக் கொடுப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

யாரைக் கேட்டுச் செய்தோம்?

'ஒற்றுமை விழா' என்று ஒன்று உண்டு. ஒரு பரதம், முஸ்லிம் கலைஞர்களின் கோலாட்டமான பொல்லடி ஒன்று, எல்லோரும் கைகோர்த்து ஒரு படம். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் இடையில் இருந்த இறுக்கத்தை ஒரு மாலை நிகழ்ச்சி தளர்த்தும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். நடந்தது என்ன? இரண்டு குழுவும் தங்கள் தங்கள் வாகனத்தில் வந்து, தங்கள் உருப்படியை முடித்து, மற்றவர் ஆடுவதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். நாங்கள்தான் நேரத்தை அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தோம். வண்ணத்துப்பூச்சிப் பூங்காக்காரர்கள் மாதக்கணக்கில் அதே பிள்ளைகளை ஒன்றாக வைத்திருந்ததன் அருமை அன்றுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று. பறைமேளக் கலைஞரை அதிதிகளை வாசலிலிருந்து அழைத்து வருவதற்கு மட்டும் கூப்பிடுவது. ஊர்வலம் வாசலை அடைந்ததும் அவர்களுடைய வேலை முடிந்துவிடும். மேடையில் அவர்களுக்கு நேரம் இல்லை. சமூக மாற்றம் என்று பனரில் எழுதிவிட்டு வாசலிலேயே பழைய ஒழுங்கைக் காப்பாற்றுகிறோம்.

சின்ன விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலவசம் என்று இணையத்தில் பெயர் பதிபவர்களில் கணிசமானோர் வரமாட்டார்கள், காசு போகாததால் மனமும் உறுத்தாது. அதை நம்பி 'இடம் நிரம்பிவிட்டது' என்று பலகை வைக்காதீர்கள். முதல்நாள் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள், வாசலில் நேரே வருபவர்களுக்கென்று கொஞ்ச இடம் ஒதுக்கி வையுங்கள்.

புரொஜெக்ட் முடிந்த மறுநாள்

மூன்று மாத இலவச மத்தள வகுப்பு ஒன்று நடத்தினோம். பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள், ஒன்பது பேர் கடைசிவரை நின்றார்கள். தாளக்கட்டு பிடிபட ஆரம்பித்த நேரம் புரொஜெக்ட் முடிந்தது. மத்தளங்கள் நிறுவனத்தின் சொத்து. ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட ஸ்டிக்கர் ஒட்டி, கணக்காய்வுக்காகக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஞாயிறு இரவு ஒரு பையன் தாயின் தொலைபேசியில் எடுத்தான். "சேர், நாளைக்கு வகுப்பு இரிக்கா?" இல்லை என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றேன். அதற்குப் பிறகு அவன் மூன்று திங்கட்கிழமை எடுத்தான்.

இப்போது வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, முடிந்த பிறகு மத்தளம் யார் வீட்டில் இருக்கும், தோல் பிய்ந்தால் யார் காசு போடுவது என்று ஊர்க்காரரோடு இருந்து எழுதிக்கொள்கிறோம். அதற்குச் சம்மதிக்காத நிதியை இரண்டு தடவை வேண்டாம் என்று விட்டோம். போன வருடம் வாங்கிய நான்கில் இரண்டு அண்ணாவியார் வீட்டில் இருக்கின்றன. எலி கடிக்காமல் இருக்க கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மற்ற இரண்டும் எந்த வீட்டில் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகள் மாறி மாறிக் கொண்டுபோகிறார்கள்.