சிபியுவுக்குள் பூச்சி புகுந்தால்

கம்ப்யூட்டருக்குள் பூச்சி ஓடுவதைப் பார்த்ததும் எல்லோர் கையும் ஸ்பிரே பாட்டிலுக்குத்தான் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பிரேயில் மருந்தைவிட அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம்தான் அதிகம், பல ஸ்பிரேக்கள் தீப்பிடிக்கக்கூடியவை. சிஸ்டத்தை அணைத்துவிட்டு அடித்தாலும் மதர்போர்டில் பிசுபிசுவென்று ஒரு படலம் தங்கி, அதில் தூசி அப்பிக்கொள்ளும். கரப்பானும் அந்த இடத்திலேயே சாகாது. மருந்து பட்ட வெறியில் இன்னும் உள்ளே ஓடி, சிஸ்டத்துக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் போய்ச் செத்துக் கிடக்கும்.

நான் பாளையங்கோட்டையில் சர்வீஸ் செய்கிறேன். டவுன், ஜங்ஷன், மேலப்பாளையம் என்று வண்டியில் சுற்றுவதுதான் வேலை, அவ்வப்போது அம்பை, தென்காசி வரைக்கும். இந்தப் பக்கம் எந்த சிஸ்டத்தைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று வாசலில் நிற்கும்போதே ஓரளவு சொல்லிவிடலாம். அல்வாக் கடை பில்லிங் கவுண்டர் என்றால் எறும்பு. பீடி சுற்றுகிற வீடு என்றால் புகையிலைத் தூளும், அதைத் தின்று வாழும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பழுப்பு வண்டும். ரைஸ் மில் ஆபீஸ் என்றால் தவிட்டுத் தூசிக்கு நடுவில் அரிசி வண்டு. கேபினட்டுக்குள் இவற்றுக்குப் பெரிதாகச் சாப்பாடு ஒன்றும் கிடையாது. சூடும் இருட்டும் இடுக்கும் இருப்பதால் தங்க வருகின்றன. சாப்பாடு வெளியே இருக்கிறது, பாதி வீடுகளில் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே மிக்சர் பாக்கெட்டாக இருக்கிறது. அதனால் பெட்டியைச் சுத்தம் செய்தால் பாதி வேலைதான் முடிந்தது.

அந்தப் பாதியை வீட்டிலேயே செய்யலாம். யுபிஎஸ்ஸை அணைத்து, பவர் வயரைச் சிபியுவின் பின்பக்கமிருந்து உருவிவிடுங்கள். உருவிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் பெரும்பாலும் இறங்கிவிடும். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கோ மொட்டை மாடிக்கோ போங்கள். அறைக்குள்ளேயே திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்து, ராத்திரியே திரும்பி வந்துவிடும். வெளிச்சத்தில் பக்கத் தகட்டைக் கழற்றி, கேபினட்டை இரண்டு தட்டுத் தட்டினாலே பாதிக் கரப்பான் தானாக இறங்கி ஓடும். முகத்தில் மாஸ்க்கோ துண்டோ கட்டிக்கொள்ளுங்கள். கரப்பான் எச்சம் கலந்த தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

உள்ளே கை வைப்பதற்கு முன்னால் கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டேடிக் இறங்கிவிடும். புதிய பெயிண்ட் பிரஷ் ஒன்றும், கிடைத்தால் ஒரு புளோயரும் போதும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையிலேயே ஸ்டேடிக் உண்டாகும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் அடித்தால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

பிராசசர் ஃபேனைக் கழற்றி, அதன் அடியில் சூட்டை வாங்கி வெளியே விடும் தகட்டு அடுக்கான ஹீட்சிங்க்கைப் பாருங்கள். தகடுகளின் மேல் தூசி கம்பளி விரித்த மாதிரி படிந்து, அதில் ஈசல் சிறகு, கரப்பான் கால், சிலந்தி ஒட்டடை எல்லாம் ஒட்டியிருக்கும். காற்று போக வழியில்லாமல் பிராசசர் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிஸ்டத்தையே அணைத்துவிடும். கடை அண்ணாச்சிகள் போன் செய்து, “தானா ஆஃப் ஆயிருதுடே, வைரஸா இருக்குமோ?” என்று கேட்பது பெரும்பாலும் இதுதான். ஹீட்சிங்க்கையே கழற்றினால் பிராசசருக்கும் அதற்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பேஸ்ட் கையில் இல்லையென்றால் ஃபேனை மட்டும் எடுத்துத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து கரும்புள்ளி. ராம் ஸ்லாட் ஓரத்தில், கனெக்டர் இடுக்கில் மிளகுப் பொடி தூவியது போலத் தெரிந்தால் அது கரப்பான் எச்சம். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஈரக் காற்று பட்டால் கரண்ட் கடத்த ஆரம்பிக்கும், செம்புப் பாதையையும் அரிக்கும். கோடை முழுக்க ஒழுங்காக ஓடிய சிஸ்டம் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கியதும் மக்கர் பண்ணினால் நான் முதலில் இந்தப் புள்ளிகளைத்தான் தேடுவேன். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பட்ஸை நனைத்து, அழுத்தாமல் துடைக்க வேண்டும். சானிடைசரை ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது. ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு பவர் கொடுக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேல் டிசியாகி, கரண்டைத் தேக்கி வைக்கும் கபாசிட்டரில் நிற்கிறது, வயரை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கலாம். கரப்பானைப் பிடிக்கப் பின்னாலேயே போகும் பல்லியும் அங்கேதான் கருகிக் கிடக்கும். கருகிய நாற்றமோ, மெயின் சுவிட்ச் விழுவதோ இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி வெளிப்பாதி. கரப்பானுக்கு நான் நம்புவது ஜெல். ஃபிப்ரோனில் கலந்த ஜெல் ஊசி மாதிரி டியூபில் கிடைக்கிறது. மேஜையின் அடிப்பலகை மூலை, டிராயர் தடம், சுவர் இடுக்கு என்று அரிசி அளவில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். சிபியுவுக்குள் வைக்க வேண்டாம், குழந்தை கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். ஜெல் வைத்த பக்கம் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்த ஜெல்லைச் சீண்டாது, காசு வீண். மோசமாகப் புகுந்துவிட்ட பெட்டி என்றால் நான் அதைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, ஓர் அட்டைத் துண்டில் ஜெல் தடவிக் கூடவே வைத்து, வாயைக் கட்டி நாலைந்து நாள் கடை மூலையில் போட்டுவிடுவேன். ஆனால் முட்டைக்கு ஜெல் ஒன்றும் செய்யாது. பெரிய கரப்பானின் முட்டைப்பை கருஞ்சிவப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பையில் பதினைந்து குஞ்சு வரை இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து நசுக்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தப்பியவை ஒன்றரை, இரண்டு மாதத்தில் பொரிக்கும் என்பதால் அப்போது இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

பிளக்பாயின்ட் சுவிட்சையும் ராத்திரி அணையுங்கள். ஷட்டவுன் செய்தாலும் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். உள்ளே லேசான கதகதப்பு போகாது, ஐப்பசி மழை ராத்திரியில் கரப்பானுக்கு அது போதும்.

பின்பக்கம் கூடுதல் கார்டு மாட்டும் இடங்களை அடைக்கும் ஸ்லாட் மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசெம்பிள் செய்பவர்கள் கழற்றியதைத் திரும்பப் போடுவதே இல்லை. வளர்ந்த கரப்பானே 3 மில்லிமீட்டர் இடுக்கில் உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும், அந்தத் திறப்பு அதற்கு வாசல் கதவு. மூடி கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையை அளவாக வெட்டி, உள்ளே விழாதபடி வெளியிலிருந்து டேப் போட்டு ஒட்டுங்கள். காற்று இழுக்கும் முன் ஃபேனுக்கு நைலான் கொசுவலை ஒட்டலாம். இரும்பு வலை வேண்டாம், வெட்டிய கம்பித் துணுக்கு போர்டில் விழுந்தால் அது தனி வம்பு. வலையை மாதம் ஒருமுறை தட்டாவிட்டால் காற்று அடைத்துப் பழைய கதைதான். எஸ்எம்பிஎஸ் ஃபேனுக்கு வலை போடாதீர்கள்.

எறும்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வரிசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, சுவர் ஓட்டையை அடையுங்கள். மேஜைக் கால்களைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கோடு போடுங்கள், கேபினட் மேல் போட வேண்டாம். அல்வாக் கடையில் இது போதாது. நெய்க்கையோடு தொட்ட கீபோர்டையும் மவுசையும் கடை அடைக்கும்போது தினமும் துடைத்தால்தான் உண்டு.

பயன்படுத்தாமல் கிடக்கும் சிஸ்டத்தில் நெட் வயர் மாட்டும் லேன் போர்ட்டிலும் யுஎஸ்பி ஓட்டையிலும் குளவி மண் வைத்துப் பூசிவிடும். காய்ந்த மண்ணைப் பல்குச்சியால் மெல்ல உதிர்த்து எடுங்கள், தண்ணீர் தொட்டால் சேறாகி உள்ளே இறங்கிவிடும். ஒரு வீட்டில் குச்சியை எடுத்ததுமே அந்த அம்மா, “கூட்டக் கலைச்சிராதீய தம்பி, மருமவ மாசமா இருக்கா” என்று தடுத்துவிட்டார்கள். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரும் என்பார்கள் இல்லையா, அதைக் கலைக்க யாருக்கு மனசு வரும்? நெட்டுக்கு வைஃபை டாங்கிள் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாளில் அறை விளக்கையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு வாசல் விளக்கைப் போட்டுவிடுங்கள், பெரும்பாலானவை அங்கே போய்விடும். வயல் ஓரத்து வீடுகளில் தீபாவளி சமயத்துப் பச்சைப் பூச்சிக்கும் இதுவே வழி. கண்ணாடிக் கேபினட் வாங்கி உள்ளே கலர் கலராக விளக்கு எரிய விடும் பையன்கள் பூச்சிக்குப் பந்தல் போட்டுத் தருகிறார்கள். விளக்கு அணைக்க அதில் செட்டிங் இருக்கிறது.

சில சமயம் துளியூண்டு பூச்சி மானிட்டர் திரைக்கு உள்ளேயே நடக்கும். துடைத்தால் போகாது, அது பேனலின் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் அங்கேயே நசுங்கி நிரந்தரப் புள்ளியாகிவிடும். அப்புறம் பேனலையே பிரிக்க வேண்டும், அந்தக் காசுக்குப் பழைய மானிட்டர் ஒன்று வாங்கிவிடலாம். திரையை அணைத்து, அறையை இருட்டாக்கி, மானிட்டர் ஓரத்தில் ஒரு டேபிள் லைட்டை எரியவிட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். பெரும்பாலும் விடிவதற்குள் பூச்சி வெளிச்சத்தைத் தேடிப் போயிருக்கும். போகாவிட்டால் மறுநாளும் அதையே செய்யுங்கள்.