ஜோபர்க்கில் டியூன் செய்த டர்போ டர்பனில் வேறு வண்டி

வீட்டு கேரேஜிலேயே சுசுகி ஹயபூசா பைக்குக்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டும் நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த் பையன்கள் பலர் மறந்துவிடுவது காற்றழுத்தத்தைத்தான்.

ஜோஹன்னஸ்பர்க் (ஜோபர்க்) கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.83 பார், டர்பன் கடற்கரையில் 1.01. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங்குக்கு வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதுதான் கணக்கு. 0.5 பார் பூஸ்ட் (அந்தக் கூடுதல் அழுத்தம்) வைத்தால், மேலே ஜோபர்க்கில் எஞ்சினுக்குள் போவது 1.33 பார், கீழே டர்பனில் 1.51. பூஸ்ட் மீட்டரோ இரண்டு ஊரிலும் அதே 0.5தான் காட்டும்! கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் முதலில் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது), அப்புறம் பிஸ்டனில் ஓட்டை.

அதனால் வெளிக்காற்றையும் சேர்த்து முழு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்தே டியூன் செய்யச் சொல்லுங்கள். சைலன்சர் குழாயில் கலவையை அளக்க ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் வேண்டும். பூஸ்ட் ஏறும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 11.5, 12 பக்கம் நிற்கட்டும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், பளபள குழாய்களில் பிடியுங்கள். ஜோபர்க்கில் பழகிய 93 ஆக்டேன் பெட்ரோல் வேண்டாம், 95 போடுங்கள்.

ஹயபூசாவின் 1,340 சிசி எஞ்சினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் விகிதம்) 12.5:1. டர்போவுக்கு இது அதிகம். சிலிண்டருக்கு அடியில் தடித்த ஸ்பேசர் பிளேட் வைத்தால் குறையும். டர்போவைத் தாழ்வாக மாட்டினால் அதன் ஆயில் தானாக எஞ்சினுக்குத் திரும்பி இறங்காது. இழுத்துத் தள்ள ஒரு சின்ன பம்ப் தேவை. டர்போ வழியாக நீலப்புகை வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.