கில்ட் வார்ஸ் 2: யாரும் எட்டிப் பார்க்காத கிராஃப்டிங் சந்தைகளில் பொற்காசு சேர்க்கும் முறை

கில்ட் வார்ஸ் 2 என்னும் இணையவழிக் கணினி விளையாட்டில் காசு சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கூட்டத்தோடு கூட்டமாக ஒரே நிகழ்வைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார்கள், அல்லது விலை ஏறும் என்று யாரோ சொன்ன பொருளை மொத்தமாக வாங்கிப் பதுக்குகிறார்கள். முன்னதற்கு நேரம் வேண்டும், பின்னதற்குக் கையில் முதல் வேண்டும். ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலையை முடித்து, நெரிசலைக் கடந்து, இரவு ஒன்பதுக்கு மேல் கணினி முன் உட்காரும் நம் பெங்களூர்த் தமிழ் நண்பர்களிடம் இரண்டுமே தாராளமாக இருப்பதில்லை. அவர்களுக்கு ஏற்றது, பிறர் சலித்துக்கொண்டு விட்டுவிட்ட கிராஃப்டிங் பொருள்களை, அதாவது விளையாட்டுக்குள்ளேயே மூலப்பொருளிலிருந்து செய்யும் பண்டங்களைச் சிறிய அளவில் செய்து விற்பதாகும். இதற்கு நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் கணக்கு மட்டும் பிசகக் கூடாது.

எனவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். விளையாட்டின் பொதுச் சந்தையான ட்ரேடிங் போஸ்ட்டில் ஒரு பொருளை விற்பனைக்கு வைக்கும்போதே 5 சதவீதம் கட்டணமாகக் கழிக்கப்படும்; அது விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்ப வராது. விற்ற பிறகு மேலும் 10 சதவீதம் பிடிக்கப்படும். ஆக, வாங்குபவர் தரும் விலையில் 85 சதவீதம்தான் நம் கைக்கு வந்து சேரும். அடக்க விலையோடு 15 சதவீதத்தைக் கூட்டினால் நட்டம் வராது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 2 பொற்காசு செலவில் செய்த ஒன்றை 2 பொற்காசு 30 வெள்ளிக்காசுக்கு விற்றால் கையில் கிடைப்பது 1 பொற்காசு 95 வெள்ளி 50 செம்பு (100 செம்பு ஒரு வெள்ளி, 100 வெள்ளி ஒரு பொற்காசு), அதாவது நான்கரை வெள்ளி நட்டம். அடக்க விலையை 0.85ஆல் வகுக்க வேண்டும். 2 பொற்காசுக்கு அது ஏறத்தாழ 2 பொற்காசு 35 வெள்ளி 30 செம்பு. அதற்கு மேல் வருவதுதான் இலாபம்.

இந்த ஒரு வகுத்தலை வைத்துக்கொண்டு சந்தையைப் பார்த்தாலே பல பொருள்கள் கழிந்துவிடும். 20 இடங்கள் கொண்ட பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய சுப்பீரியர் ரூன் ஆஃப் ஹோல்டிங் என்னும் உறுப்பு, விளையாட்டே நடத்தும் கடைக்காரரிடம் 10 பொற்காசுக்குக் கிடைக்கிறது. மற்ற பொருள்களைக் கணக்கில் சேர்க்காமலே, அந்த ரூனுக்கான காசை மீட்க வேண்டுமென்றால் பையை 11 பொற்காசு 76 வெள்ளிக்கு மேல் விற்றாக வேண்டும். அதற்குக் கீழே விலை போட்டு விற்பவர்களைப் பார்த்தால் அவர்கள் கணக்குப் போடவில்லை என்று பொருள். அவர்களோடு போட்டியிட வேண்டாம். விலை நிலையான கடைப்பொருள் அடக்கத்தில் பெரும்பங்கு வகிக்கும் எந்தப் பண்டத்துக்கும் இப்படி ஒரு தரைவிலை உண்டு. அதைத் தெரிந்து வைத்திருப்பவர் விலை சரியும்போது பதறமாட்டார்.

அடக்க விலையில் இன்னொரு பிழையும் புகுந்துவிடும். நாமே வெட்டிய மரமும் தோண்டிய தாதும் இலவசம் என்று எண்ணுவதுதான் அது. அவற்றை அப்படியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகை, அதாவது அன்றைய விலையில் 85 சதவீதம், அவற்றின் அடக்க விலை. அதைச் சேர்த்துப் பார்த்த பிறகும் செய்த பொருளில் மிச்சம் இருந்தால் மட்டுமே செய்வதில் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் கச்சாப் பொருளாகவே விற்றுவிடுவது மேல்.

இனி, எந்தச் சந்தையைத் தேடுவது? கவனிக்கப்படாத பொருள்களில் இரண்டு வகை உண்டு: யாருக்கும் வேண்டாததால் கவனிக்கப்படாதவை, செய்வது தொல்லை என்பதால் கவனிக்கப்படாதவை. நமக்கு வேண்டியது இரண்டாம் வகை. சிக்பேட்டையில் பிரதான சாலை முழுவதும் சேலைக் கடைகள் வரிசை கட்டி நிற்க, அந்தச் சேலைக்கு வேண்டிய ஃபால்ஸ் துணியும் லைனிங்கும் சந்துக்குள் சில கடைகளில் மட்டும் கிடைப்பதைப் போன்றது இது; தேவை இருக்கிறது, விற்பவர்தான் குறைவு.

தொல்லை பல வடிவங்களில் வரும். முதலாவது, செய்முறைத் தாள். சில பொருள்களின் செய்முறை கிராஃப்டிங் அளவு உயர்வதால் மட்டும் திறந்துவிடாது. கர்மா என்னும் விளையாட்டு நாணயமோ குறிப்பிட்ட நிலப்பகுதியில் சேரும் நாணயமோ கொடுத்துத் தாளாக வாங்க வேண்டும். அந்தப் பகுதி பழையதாகி, ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு தாளை வாங்கப் போகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், ஆனால் பொருளின் தேவை அப்படியே இருக்கும். இரண்டாவது, ஒரே பொருளுக்குப் பல தொழில்கள் தேவைப்படுவது. நாம் ஆடும் பாத்திரம் (கேரக்டர்) ஒவ்வொன்றும், கூடுதல் உரிமம் வாங்காவிட்டால், ஒரு நேரத்தில் இரண்டு கிராஃப்டிங் தொழில்களையே வைத்திருக்க முடியும் என்பதால், மூன்றாவது தொழிலில் செய்த உறுப்பு வேண்டுமென்றாலே பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் தொழிலை மாற்றினாலும் முன்பு பெற்ற அளவு அழிவதில்லை. மீண்டும் எடுக்கச் சிறு கட்டணம் கட்டினால் போதும். வேறு பாத்திரத்தில் வேறு தொழிலை வளர்த்து வைத்தால் அந்தக் கட்டணமும் இல்லை.

மூன்றாவது வடிவம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் உகந்தது: நாள்வரம்பு. லம்ப் ஆஃப் மித்ரில்லியம், ஸ்பூல் ஆஃப் சில்க் வீவிங் த்ரெட், ஸ்பூல் ஆஃப் திக் எலோனியன் கார்டு, கிளாப் ஆஃப் எல்டர் ஸ்பிரிட் ரெசிட்யூ ஆகிய நான்கு மூலப்பொருள்களையும் ஒரு கணக்கில் (அக்கவுண்ட்டில்) நாளொன்றுக்கு ஒவ்வொன்றே செய்ய இயலும். இவற்றிலிருந்து முறையே டெல்ட்ரிமோர் எஃகுக் கட்டி, டமாஸ்க் துணி, எலோனியன் தோல், ஸ்பிரிட்வுட் பலகை ஆகியவை உருவாகின்றன. அசெண்டட் எனப்படும் உயர்தரக் கவசமும் ஆயுதமும் செய்ய விரும்புபவர்களுக்கு இவை கட்டுக்கட்டாக வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் சந்தையில் வாங்குவார்கள். எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் ஒரு கணக்கில் ஒரு நாளில் இவற்றைப் பெருக்க முடியாது என்பதால் சிறு உற்பத்தியாளரும் பெரு உற்பத்தியாளரும் இங்கே சமமாக நிற்கிறார்கள். நான்கிலும் எப்போதும் இலாபம் இருக்கும் என்று சொல்லவில்லை. மூலப்பொருள் விலையைப் பொறுத்து ஒன்று நட்டத்திலும் மற்றொன்று நல்ல இலாபத்திலும் இருக்கும். அன்றன்று வகுத்துப் பார்த்து, தேறுவதை மட்டும் செய்ய வேண்டும்.

இந்த நாள்வரம்பு புதுப்பிக்கப்படும் நேரம் உலக நேரப்படி நள்ளிரவு, நமக்குக் காலை 5.30 மணி. இரவு தூங்கப் போகுமுன் ஒரு முறையும், காலையில் அலுவலகம் கிளம்புமுன் ஒரு முறையுமாக, ஒரே மூச்சில் இரண்டு நாள் பங்கை முடித்துவிடலாம். அதன்பின் மறுநாள் இரவுவரை விளையாட்டைத் திறக்காமலே இருக்கலாம். விற்பனைக்கு வைக்கவும் அதே இரவு நேரம் பொருத்தமானது. வட அமெரிக்கக் கணக்கும் ஐரோப்பியக் கணக்கும் ஒரே ட்ரேடிங் போஸ்ட்டைத்தான் பயன்படுத்துகின்றன. ஐரோப்பாவின் மாலை நமக்கு நள்ளிரவு, அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலை நமக்கு விடியற்காலை. இரவு பதினொன்றுக்கு வைத்த சரக்கு, நாம் உறங்கும்போதே இரண்டு கூட்டங்களையும் பார்த்துவிடுகிறது. சண்டையில் பெங்களூரிலிருந்து இணைப்பவர்களைப் படுத்தும் தாமதம் வணிகத்தில் எவ்வகையிலும் குறுக்கிடாது.

நாள்வரம்பு இல்லாத பொருள்களில், உபயோகித்தால் தீர்ந்துபோகும் சிறு பண்டங்களைக் கவனியுங்கள். வெப்பன்ஸ்மித் தொழிலில் செய்யும் ஷார்ப்பனிங் ஸ்டோன், ஹண்ட்ஸ்மேன் தொழிலில் செய்யும் மெயின்டனன்ஸ் ஆயில், ஆர்ட்டிஃபிசர் தொழிலில் செய்யும் டியூனிங் கிரிஸ்டல் ஆகியவற்றின் உயர்ந்த வகையில் போட்டி அதிகம். ஆனால் ஓரிரு படி கீழே உள்ள வகைகளில் விற்பவர் பட்டியல் பல நேரங்களில் மெலிந்திருக்கும். புதிதாக வளரும் பாத்திரங்களுக்கு அவை தேவைப்படும். ஆயுதத்தில் பதிக்கும் சிகில், கவசத்தில் பதிக்கும் ரூன் வகைகளும் அப்படியே: அவற்றுக்கு வேண்டிய சார்ம், சிம்பல் உறுப்புகள் பழைய மேம்பாட்டுப் பொருள்களைப் பிரித்தெடுத்தால் கிடைக்கின்றன, ஆனால் பிரிப்பதற்குச் சோம்பல்பட்டு அப்படியே விற்றுத் தள்ளுபவர்கள் ஏராளம். சண்டைச் சமநிலையை மாற்றும் புதுப்பிப்பு வெளிவரும்போது எந்த சிகில் திடீரென்று வேண்டப்படும் என்பது அந்த அறிவிப்பிலேயே ஓரளவு தெரிந்துவிடும், படிப்பவர்தான் இல்லை.

பொருளைத் தேர்ந்த பின், அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். இலாபச் சதவீதத்தைக் காட்டிலும் இதுவே முக்கியம் என்பது என் கருத்து. குறைந்த விற்பனை விலை 5 பொற்காசு, உயர்ந்த கொள்முதல் ஆர்டர் (இந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குகிறேன் என்று முன்கூட்டிக் காசு வைத்துக் கேட்பது) 40 வெள்ளி என்று இருக்கும் பொருள் கண்ணைப் பறிக்கும். ஆனால் கொள்முதல் ஆர்டர்கள் மூன்றே மூன்று என்றால் அந்த 5 பொற்காசு யாரோ ஒருவரின் ஆசை, சந்தை விலை அல்ல. இரவில் விற்பனைக்கு இருக்கும் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு காலையில் மீண்டும் பாருங்கள். சில நாட்கள் இப்படிச் செய்தால் பொருளின் நடமாட்டம் தெரிந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் ஜிடபிள்யூ2பிஎல்டிசி தளத்தின் விலை வரலாற்றைப் பார்க்கலாம். ஜிடபிள்யூ2 எஃபிஷியன்சி தளம் அடக்க விலையையே கணக்கிட்டுத் தரும். இவை விளையாட்டின் அதிகாரபூர்வத் தரவு இணைப்பிலிருந்து எடுப்பதால் எண்கள் நம்பத்தக்கவை. ஆனால் இலாப வரிசையின் உச்சியில் தெரியும் பொருளை நம்மோடு சேர்த்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் அது கவனிக்கப்படாத சந்தை ஆகாது. பட்டியலின் நடுவில், இலாபம் மிதமாகவும் விற்பவர் விரல்விட்டு எண்ணும்படியும் இருப்பவற்றைத் தேடுங்கள்.

மூலப்பொருளை உடனடி விலையில் வாங்கக் கூடாது. கொள்முதல் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆர்டருக்குக் கட்டணம் இல்லை, ரத்து செய்தால் வைத்த காசு முழுவதும் திரும்பும். செய்த பொருளின் இலாபத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பிலேயே அடங்கியிருப்பதும் உண்டு. வாங்கவும் விற்கவும் எங்கிருந்தும் இயலும், வந்து சேர்ந்ததை எடுக்க மட்டும் ட்ரேடிங் போஸ்ட்டை நடத்தும் பிளாக் லயன் வணிகரிடம் போக வேண்டும். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ட்ரேடிங் போஸ்ட்டில் கட்டுப்பாடு உண்டு; இந்த வழிமுறை முழுவதும் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

முதலில் இரண்டோ மூன்றோ மட்டும் செய்து வையுங்கள். விற்ற வேகத்தைப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டலாம், ஆனால் ஒரே பொருளில் முழு முதலையும் போடாமல் ஐந்தாறு சந்தைகளில் பரப்புவது நல்லது. வேறொருவர் ஒரு செம்பு குறைத்து வைத்தால் உடனே எடுத்து மறுபடி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த 5 சதவீதம் போய்விடும். அவருடைய கையிருப்பு சிறிதென்றால் விற்றுத் தீரும், நம்முடையது அதன்பின் நகரும். கையிருப்பு பெரிதாகவும் நாளுக்கு நாள் விலை இறங்குவதாகவும் இருந்தால், அந்தப் பொருளுக்கான கொள்முதல் ஆர்டர்களை ரத்து செய்துவிட்டு, வைத்திருப்பதை அப்படியே விட்டுவைத்து, அடுத்த பொருளுக்குப் போய்விடுங்கள். சில வாரங்கள் கழித்து அவர் சலித்து விலகியிருப்பார். செய்முறைத் தாள் நம்மிடமேதான் இருக்கும்.