பூசைக்கு முன்னால் கால் மணி நேரம், ஒரே ஒரு வரி

கொடைக்கானலில் டிசம்பர் மாதத்தில் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் காலைப் பூசைக்கு, அதாவது திருப்பலிக்கு, போய்ப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் கைகளைத் தேய்ப்பதிலேயே போய்விடும். அதனால் மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். சும்மா உட்கார்ந்தால் கடைக்கணக்குதான் ஓடும். மனத்துக்கு ஒரு வரி கொடுத்தாக வேண்டும்.

முதலில் அந்த வரியைத் தேர்ந்தெடுங்கள். சிறியதாக, சொல்லிச் சொல்லி ருசி போனதாக இருந்தால் இன்னும் நல்லது. நான் எடுத்துக்கொள்வது, திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் எல்லோரும் சொல்வது: "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், என் ஆன்மா குணமடையும்." மத்தேயு நற்செய்தி 8:8-இல் கப்பர்நாகூம் ஊரின் நூற்றுவர் தலைவர், நோயில் கிடந்த தன் வேலைக்காரப் பையனுக்காக இயேசுவிடம் கேட்டது. பையன் இருந்த இடத்தில் நாம் ஆன்மாவை வைத்துச் சொல்கிறோம். யூதரல்லாத ஒரு படைக்காரர் வாயிலிருந்து வந்த வரி என்பதில் எனக்குத் தனிப் பிரியம்.

அப்புறம், செய்யும் முறை. இது சேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் சொன்னது. அவருடைய சேசு சபையார் 1895-இல் இங்கே செண்பகனூரில் கல்லூரி தொடங்கினார்கள். அதனால் எங்களுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. கண்ணை மூடுங்கள், அல்லது ஓரிடத்தில் நிறுத்துங்கள். "ஆண்டவரே" என்று சொல்லி நில்லுங்கள். ஒன்றும் தோன்றவில்லையா, அடுத்த சொல்லுக்குப் போங்கள். ஏதாவது ஒரு சொல் பிடித்து நிறுத்தினால் அங்கேயே இருந்துவிடுங்கள். நேரம் தீர்ந்தாலும் பரவாயில்லை, மீதியை வழக்கம்போலச் சொல்லி முடிக்கலாம் என்று அவரே சலுகை கொடுக்கிறார். மறுநாள் அதற்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்கலாம்.

என்னைப் பிடித்து நிறுத்துவது 'இல்லம்'. ஒரு மழைக்காலத்தில் அந்தச் சொல்லில் நின்றபோது, எங்கள் வீட்டு அடுப்படி அப்படியே கண்முன் வந்தது. ஒழுகும் தகரத்துக்கு நேர் கீழே பச்சை வாளி. மூன்று நாளாகக் கொடியில் காயாத துணி. முந்தின இரவு அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்த தட்டு. இந்த வீட்டுக்கா வருகிறீர் என்று கேட்டேன். அதற்குமேல் நகரவே முடியவில்லை.

மனம் ரொம்ப அலைந்தால் மூச்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு மூச்சுக்கு ஒரு சொல். இதுவும் இஞ்ஞாசியார் வழிதான். இங்கே குளிரில் மூச்சு புகையாக வெளியே வருவதால், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் எண்ணக்கூடச் செய்யலாம்!

மணி அடித்ததும் விட்டுவிடுங்கள். திருப்பலியில் அந்த வரி வரும்போது எல்லோரோடும் சேர்ந்து சாதாரணமாகச் சொன்னால் போதும்; முன்னால் வந்தது மறுபடி வருகிறதா என்று தேட வேண்டாம். எனக்குச் சில நாள் வாளி ஞாபகம் வரும். சில நாள் ஒன்றுமே வராது. நற்கருணை வாங்கிக்கொண்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இடத்துக்குத் திரும்பிவிடுவேன்.